கபர் சிங்குக்கு நாம் பட்ட கடன்

1915ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10ந் தேதி காலையில் பிரான்சு தேசத்தின் வடகோடியிலுள்ள நவ் ஷாபெல் என்னும் கிராமத்தருகே, ஜெர்மானியர் தோண்டியிருந்த அகழிக்குள் ஓர் இந்தியச் சிப்பாய் மாண்டார். அவர் பெயர் கபர் சிங் நேகி. இமயமலைச் சரிவிலே, தேஹ்ரி கர்வால் பிரதேசத்தில், சம்பா என்னும் ஊருக்கு அருகிலுள்ள கிராமத்தில் 1895இல் பிறந்தவர். 1913இல் 39வது கர்வால் துப்பாக்கிப் படையின் இரண்டாவது பட்டாளத்தில் சேர்ந்தார். இருபதாவது வயது நிரம்பச் சில வாரங்கள் இருக்கும்போது அவருடைய ஆயுள் முடிந்தது. அவர் இறந்த பிறகு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் தலைசிறந்த வீர விருதாகிய விக்டோரியா கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. அவருக்குக் கல்லறை கிடையாது; உடல் எங்கே புதைந்தது என்று எவருக்கும் தெரியாது.

நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்ட இந்த மரணத்தைப் பற்றி இன்று நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் தேசத்துக் குடியானவன் கலப்பையைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்து, தன்னுடையதல்லாத சண்டையிலே உயிரை விட்ட கதையை இரண்டு கட்சியார் இரண்டு விதமாகச் சொல்லி வருகிறார்கள். சாம்ராஜ்ய பக்தர்கள் அதை ராஜ விசுவாசத்துக்கு அத்தாட்சி என்றார்கள். தேசபக்தர்களில் ஒரு சாரார் அதைக் கூலிக்கு மாரடித்த கதை என்று ஒதுக்கினார்கள். இவ்விரண்டும் பிசகு என்பதே நமது கட்சி. பிசகான இந்த இரண்டு எண்ணங்களின் நடுவே அகப்பட்டு, இறந்தவனுடைய பெயர் கூட மறைந்து போகிறது என்பதே நமது வருத்தம்.

முதலில், அவன் ஏன் போனான் என்று பார்ப்போம். கர்வால் மலைநாட்டை அறிந்தவர்களுக்கு இதற்குப் பதில் எளிது. அங்கே சமவெளி என்பது அரிது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கிக் கரை கட்டி, ஒவ்வொரு படியிலும் முழம் அகலத்துக்கு நிலம் உண்டாக்கிக் கேழ்வரகும் குதிரைவாலியும் விளைவிக்கிறார்கள். மழை பெய்தால் கரை சரிகிறது. பெய்யாவிட்டால் பயிர் கருகுகிறது. விளைவது குடும்பத்துக்குக் கஞ்சியாகும். வரி கட்டவும் துணி வாங்கவும் உப்பு வாங்கவும் பணம் ஆகாது. காட்டில் விறகும் தழையும் எடுத்து மாடு மேய்த்து வந்த பழைய உரிமைகளையோ, சர்க்கார் காட்டிலாகாவும் சமஸ்தான அதிகாரமும் ஒவ்வொன்றாகக் குறுக்கி வந்தன. இந்த நிலையில் மாதம் 11 ரூபாய் சம்பளம் என்பது மலைக் குடியானவன் கண்ணுக்கு லேசான விஷயமல்ல. அண்ணன் வயலைப் பார்த்துக் கொள்ள, தம்பி பட்டாளத்துக்குப் போவது என்பது அங்கே குடும்ப ஏற்பாடாகவே ஆகிவிட்டது. 1887இல் கர்வாலியருக்கென்று தனிப் பட்டாளம் ஏற்பட்ட நாள் முதல், லான்ஸ்டவுன் பாசறையிலிருந்து வரும் மணியார்டர்தான் பல கிராமங்களுக்கு இரண்டாவது அறுவடை.

ஆகவே அவன் போனது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடத்தில் கொண்ட மோகத்தால் என்பது கட்டுக்கதை. வீட்டைக் காப்பாற்றப் போனான். அப்படிப் போனவனைக் கூலிப்படை என்று ஏளனம் செய்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அதே காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போட்டவர்கள் எத்தனை பேர்? கச்சேரியிலே மேஜையின் முன் உட்கார்ந்து அதே துரைத்தனத்தாரிடம் சம்பளம் வாங்கியவர் கனவான். அகழியிலே நின்று வாங்கியவன் மட்டும் கூலியா? பழி சொல்வதென்றால் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். பழியிலும் ஏழைக்கே பெரும்பங்கு என்பது நியாயமாகாது.

அவனை அழைத்துக்கொண்டு போன சேனை எப்படிப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். விக்டோரியா கிராஸ் பெறும் தகுதியே இந்தியச் சிப்பாய்க்கு 1911இல்தான் கிடைத்தது. மன்னரின் நேரடி நியமனம் பெற்ற அதிகாரி ஆவதற்கோ 1917 வரை வழியில்லை. இருபத்தைந்து வருஷம் சேவை செய்து தலை நரைத்த சுபேதாரும், நேற்று வந்திறங்கிய வெள்ளைக்கார வாலிபனுக்குச் சலாம் வைத்து அவன் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டிலுள்ள சேனையைத்தான் 1914ஆம் வருஷத்துக் கடைசியில் ஐரோப்பாவின் மகாயுத்தத்திலே கொண்டு போய் நிறுத்தினார்கள். லாகூர், மீரத் ஆகிய இரண்டு காலாட்படைப் பிரிவுகள் மார்செயில்ஸ் துறைமுகத்தில் இறங்கின. மீரத் பிரிவில் கர்வாலியரின் இரண்டு பட்டாளங்களும் இருந்தன. உஷ்ண தேசத்துக்கான பருத்தி உடையோடு இறங்கியவர்களுக்குக் கம்பளி உடை வந்து சேருவதற்குள் குளிர் வந்துவிட்டது. பிளாண்டர்ஸ் பூமியோ தோண்டினால் தண்ணீர் ஊறும் களிமண். முழங்கால் சேற்றில் இரவு பகலாக நின்று கால் விறைத்துப் போனவர்கள் அநேகர். எதிரியிடம் கையெறி குண்டுகள் இருந்தன; இவர்களோ பழைய ஜாம் தகர டப்பாக்களில் வெடிமருந்தையும் ஆணித்துண்டுகளையும் அடைத்துக் குண்டு செய்து வீச வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட நிலையில்தான் 1914 நவம்பரில் பெஸ்டுபெர் என்ற இடத்தில் முதலாவது கர்வால் பட்டாளத்து தர்வான் சிங் நேகி, தலையிலும் கையிலும் காயம்பட்ட பிறகும், எதிரியின் அகழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னே சென்று விக்டோரியா கிராஸ் பெற்றார். அவர் உயிரோடு ஊர் திரும்பினார். மன்னர் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, தமக்கென ஒன்றும் கேளாமல், கர்ணப்பிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றும், மலைநாட்டுக்கு ரயில் வேண்டும் என்றும் கேட்டதாக அந்த நாட்டு ஜனங்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். குடியானவன் பட்டாளத்துக்குப் போவது எதற்காக என்பதை விளக்க இந்த ஒரு சொல்வழக்கே போதுமானது.

கபர் சிங் திரும்பவில்லை. நவ் ஷாபெல் யுத்தம் 1915இல் பிரிட்டிஷார் தாமே திட்டமிட்டு ஆரம்பித்த முதல் பெரிய தாக்குதல். ஜெனரல் ஹேக் தலைமையிலிருந்த முதலாவது சேனை அதை நடத்தியது; அதில் பாதிக்குப் பாதி இந்தியப் படை. மார்ச்சு 10ந் தேதி காலை ஏழரை மணிக்கு நூற்றுக்கணக்கான பீரங்கிகள் முழங்கின. முப்பத்தைந்து நிமிஷம் குண்டு மழை பொழிந்த பின் காலாட்படை எழுந்து ஓடியது. முன் வரிசையில் கர்வாலியர். முதலாவது பட்டாளம் திசை தப்பிப் பீரங்கிக் குண்டு விழாத பக்கமாகச் சென்று, அறுபடாமலிருந்த முள்கம்பியிலும் துப்பாக்கி வாய்களிலும் அகப்பட்டுப் பெருஞ்சேதம் அடைந்தது. இரண்டாவது பட்டாளம் எதிரியின் முதல் அகழிக்குள் குதித்தது.

அகழி என்பது நேராக ஓடும் வாய்க்காலல்ல. ஒரே குண்டில் பலர் மாளாதபடி சில கஜத்துக்கு ஒரு திருப்பம் வைத்து வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அப்பால் யார் இருக்கிறார், எத்தனை பேர் இருக்கிறார் என்பது தெரியாது. முதலில் திரும்புகிறவனுக்குச் சாவு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். குண்டும் துப்பாக்கி ஈட்டியுமாகச் சென்ற சிறு கூட்டத்தில், ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் திரும்பியவர் கபர் சிங். எதிரிகள் பின்வாங்கிப் பின்வாங்கி முடிவில் சரணடைந்தார்கள். அந்தச் சண்டையிலேயே அவர் கொல்லப்பட்டார். சர்க்கார் பத்திரிகையில் அவருடைய வீரத்துக்கு ஒதுக்கிய இடம் சில வரிகளே. அவர் சுதேச பாஷையில் என்ன நினைத்தார், யாருக்கு என்ன எழுதச் சொன்னார் என்பதற்கு அதில் இடமில்லை.

யுத்தத்தின் பலன் என்ன? கிராமம் பிடிபட்டது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நிலம் கிடைத்தது. நோக்கமாயிருந்த ஓபேர் மேடு கைக்கு எட்டவில்லை. மூன்று நாளில் இந்தியப் படையில் மட்டும் மாண்டவரும் காயமுற்றவரும் காணாமற்போனவருமாக நாலாயிரத்துக்கு மேற்பட்டோர். இரண்டு கர்வால் பட்டாளங்களிலும் எஞ்சியவர்களைச் சேர்த்து ஒரே பட்டாளமாக ஆக்கவேண்டிய அளவுக்கு அவை கரைந்துபோயின. அவர்கள் மாண்ட இடமும் ஒரு காலத்தில் விவசாய பூமியே. கேழ்வரகு விளைத்தவன், வேறொரு தேசத்துக் குடியானவன் கோதுமையும் கிழங்கும் விளைத்த மண்ணைக் கூறு கூறாக வெட்டி, அதற்குள்ளேயே மூடுண்டான்.

மகாயுத்தத்தில் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் 13 லட்சத்துக்கும் அதிகம். திரும்பாதவர்கள் ஏறக்குறைய 74,000. இதைத் தவிர, 1917இல் யுத்தச் செலவுக்கென்று 10 கோடி பவுன் நம் தேசத்தின் தலையில் ஏற்றப்பட்டது. இத்தனைக்கும் பிரதியாக என்ன கிடைத்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம். ஏப்ரல் 13ந் தேதி அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக். யுத்தத்துக்கு எந்த மாகாணம் அதிகமான ஆள் கொடுத்ததோ, அந்தப் பஞ்சாபுக்கே முதல் வெகுமதி. ஆள் திரட்டும்போது எஜமானர்கள் சொன்ன இனிய வார்த்தைகள், ஆள் செத்தபின் தோட்டாக்களாக மாறின.

இதைக் குடியானவன் முன்கூட்டியே உணர்ந்திருந்தான் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 1918இல் காந்தியடிகள் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாகச் சென்று பட்டாளத்தில் சேரும்படி ஜனங்களைக் கேட்டார். சில மாதங்களுக்கு முன்தான் அதே ஜில்லாவில் வரிகொடா இயக்கத்துக்கு அவருடைய சொல்லைத் தலைமேல் கொண்டவர்கள் அந்தக் குடியானவர்கள். இப்போதோ அவருக்கு வண்டி கொடுக்கவும் தயங்கினார்கள். பெரியோர் சொன்னாலும் பிறருடைய சண்டைக்குப் பிள்ளையைக் கொடுப்பதில்லை என்று ஏர் பிடித்தவன் தன் புத்தியாலேயே முடிவு செய்தான். அவனுடைய விவேகத்தை நாம் மெச்சுகிறோம். அதற்காக, போனவனைப் பழிப்பது சரியாகாது. கேடாவிலே மறுப்பதற்கு வயலில் கொஞ்சம் விளைவிருந்தது; கர்வாலில் அதுவும் இல்லை.

இனி, கர்வால் பட்டாளத்தின் கதையில் மறக்கக்கூடாத மறுபாதியைச் சொல்ல வேண்டும். கபர் சிங் மாண்டு பதினைந்து வருஷம் கழிந்தது. அவருடைய அதே இரண்டாவது பட்டாளம், பெயரும் எண்ணும் மாறி, 18வது ராயல் கர்வால் துப்பாக்கிப் படையின் இரண்டாவது பட்டாளமாக 1930இல் பெஷாவரில் இருந்தது. உப்பு சத்தியாக்கிரகம் நடந்துவந்த ஏப்ரல் மாதம். கான் அப்துல் கபார் கானுடைய தொண்டர்கள், கையில் ஆயுதமின்றி, தலைவர்களைக் கைது செய்ததை எதிர்த்துத் தெருவில் திரண்டார்கள். அவர்கள்மேல் சுடும்படி கர்வாலியருக்கு உத்தரவு. ஹவில்தார் சந்திர சிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் சுட மறுத்தார்கள். சந்திர சிங்கும் குடியானவர் வீட்டுப் பிள்ளையே. 1914இல் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சையும் மெஸபொடேமியாவையும் பார்த்து வந்தவரே. அவருக்கு ஆயுள் முழுதும் தீவாந்தரம் என்று ராணுவக் கோர்ட்டு தீர்ப்பளித்தது, 1941இல்தான் விடுதலையானார். அவருடைய தோழர்கள் பலரும் சிறை புகுந்தனர்.

சத்தியப்பிரமாணம் செய்து கொடுத்த சிப்பாய் உத்தரவை மீறுவதைக் காந்தியடிகள் ஆதரிக்கவில்லை. 1931இல் ஏற்பட்ட காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் சத்தியாக்கிரகக் கைதிகளுக்குக் கிடைத்த விடுதலை இந்தச் சிப்பாய்களுக்குக் கிடைக்கவில்லை. அடிகளின் தர்க்கம் நமக்குப் புரிகிறது. சேனை என்பது கட்டுப்பாட்டினால் நிற்பது. இஷ்டப்படி உத்தரவை மீறும் சேனை சுதந்திர சர்க்காருக்கும் ஆபத்து என்பது உண்மை. ஆயினும், நிராயுதபாணியான ஜனங்களின்மேல் சுடாதிருந்தவனைச் சிறையில் விட்டுவிட்டு ஒப்பந்தம் முடிந்தது தேசத்தின் நெஞ்சில் ஒரு முள்ளாகவே இருந்து வருகிறது. துப்பாக்கியை நீட்டிய எதிரியின்முன் பின்வாங்காதவரும், வெறுங்கையோடு நின்ற சகோதரனைச் சுடாதவரும் ஒரே மலையிலே, ஒரே வறுமையிலே, ஒரே பட்டாளத்திலே தோன்றியவர்கள். இவர்களில் ஒருவரை விசுவாசி என்றும் மற்றவரைத் துரோகி என்றும் எழுதிவைத்தது எஜமானனுடைய கணக்கு. தேசத்தின் கணக்கில் இருவருக்கும் ஒரே பத்தியில் இடம் கொடுக்க வேண்டும். வீரம் அந்த மனிதருக்குச் சொந்தம்; அதை எந்தக் காரியத்துக்குப் பிரயோகித்தார்கள் என்பதற்கு அந்த அரசாங்கமே பதில் சொல்லக் கடமைப்பட்டது.

இந்தப் பகுப்பைச் செய்துகொண்டால், அடுத்த கேள்வி தெளிவாகிறது. இறந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? நவ் ஷாபெலில் 1927 அக்டோபரில் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னத்தில், கல்லறையில்லாத 4,700க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கபர் சிங் பெயரும் அங்கே உண்டு. 2015 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் ஒருவர் அங்கே சென்று மரியாதை செலுத்தினார். நல்லதுதான். ஆனால் ஐரோப்பாவிலே மாண்டவனுக்குக் கிடைத்த இந்தப் பாக்கியம் மெஸபொடேமியாவிலே மாண்டவனுக்குக் கிடைக்கவில்லை. பாஸ்ராவில் எழுப்பிய சின்னத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயரும் சிப்பாய்களின் பெயரும் செதுக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயரும் செதுக்கப்பட்டது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் மட்டும் பட்டாளத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக நின்றார்கள். இந்த ஓரவஞ்சனையைக் காமன்வெல்த் யுத்த சமாதிக் கமிஷனே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசியா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவேயில்லை என்றும் அந்த அறிக்கை கூறுகிறது.

கமிஷனைக் குறை கூறுவது சுலபம். நம் வீட்டுக் கணக்கு எப்படி? டில்லியில் 1931இல் திறக்கப்பட்ட இந்தியா வாயிலில் பொறித்திருப்பவை சுமார் 13,000 பெயர்களே. 2019இல் திறந்த தேசிய யுத்த ஞாபகச் சின்னமோ சுதந்திரத்துக்குப் பின் மாண்டவர்களுக்குரியது. நாட்டின் பல கிராமங்களில் மகாயுத்தம் முடிந்ததும் துரைத்தனத்தார் பதித்துவைத்த சிறு கற்பலகைகள் இன்றும் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று அவற்றில் எழுதியிருக்கும். போனவர் யார், மாண்டவர் யார் என்பது அதில் இராது. நமது தமிழ்நாட்டிலும் இத்தகைய பலகைகள் உள்ளன. பாஸ்ராவில் எண்ணாக நின்றவன், சொந்த ஊரிலும் எண்ணாகவே நிற்கிறான்.

தமிழ்நாட்டார் இதை வடநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடலாகாது. போர்க்குலங்கள் என்று துரைமார் வகுத்த சாஸ்திரத்தில் தென்னாட்டவனுக்கு இடமில்லாதிருந்தது உண்மைதான். எனினும் நம்மவர்கள் போகாமலில்லை. 1914 நவம்பரில் கீழை ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்த தோல்விச் சண்டையில், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63வது காலாட்படை இருந்தது. மெஸபொடேமியாவில் பாலம் கட்டியும் பாதை போட்டும் மாண்ட சென்னைச் சுரங்கப் படையினர் உண்டு. எம்டன் கப்பல் சென்னையின்மேல் குண்டு வீசிய ஓர் இரவை நாம் வார்த்தையாக்கி வைத்து இன்றளவும் பேசுகிறோம். நாலு வருஷம் அந்நிய மண்ணில் நின்ற நம் ஊர்க் குடியானவனைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு மாகாண சர்க்காரும் தன் ஜில்லாக்களில் மிஞ்சியிருக்கும் யுத்தப் பலகைகளைக் கணக்கெடுக்க வேண்டும். பட்டாளத்துப் பதிவேடுகளையும் பென்ஷன் கணக்குகளையும் சமாதிக் கமிஷனிடமுள்ள ஜாபிதாக்களையும் ஒத்துப்பார்த்து, அந்தந்த ஊர்ப் பலகையின் பக்கத்திலேயே மாண்டவர் பெயர்களைத் தமிழிலோ அந்தந்த நாட்டுப் பாஷையிலோ பொறிக்க வேண்டும். இது அசாத்தியமான காரியமல்ல. லாகூர்ப் பொருட்காட்சிசாலையில் கேட்பாரற்றுக் கிடந்த பஞ்சாப் பதிவேடுகளிலிருந்து, ஊர் ஊராகச் சென்ற சிப்பாய்களின் விவரத்தை வெளிநாட்டில் வாழும் பஞ்சாபியர் சிலர் முயன்று 2021இல் வெளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பள்ளிப் புத்தகத்திலும் மகாயுத்தத்தைப் பற்றிய பாடத்தில் நம் ஜில்லாச் சிப்பாய் ஒருவன் பெயராவது இருக்க வேண்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டாம், சிரத்தை வேண்டும்.

இதைச் செய்வது அந்நிய ஏகாதிபத்தியத்தைக் கொண்டாடுவதாகாதா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஆகாது என்கிறோம். கொலைக்களத்துக்கு நம்மை ஓட்டியவர்களின் பெயர்கள் புத்தகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டப்பட்டவர்களின் பெயர்களை நாமும் அழியவிட்டால், அந்த ஏகாதிபத்தியம் எழுதிவைத்த கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டவர்களாவோம். பெயர்களை எழுதிவைப்பவனுக்குத்தான், இத்தனை உயிர்களும் எதற்காகச் செலவாயின என்று கேட்கும் பாத்தியதை உண்டு. அந்தக் கேள்வி சுதந்திர நாட்டுக்கும் அவசியம். ஏனெனில் இன்றைக்கும் காலாட்படையின் பெரும்பகுதி குடியானவன் வீட்டுப் பிள்ளைகளே.

கர்வாலிலே சம்பா என்ற அந்தச் சிற்றூரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் கபர் சிங் பெயரால் திருவிழா கூடுகிறது. அவர் மனைவியார் பல்லாண்டுகள் உயிர் வாழ்ந்து, கணவனுடைய பதக்கத்தைத் தம் மார்பிலே அணிந்து அந்த விழாவுக்கு வந்துகொண்டிருந்தார் என்பர். கபர் சிங்குக்காவது ஓர் ஊர் இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது. மற்ற எழுபதினாயிரம் பேருக்கும் குறைந்தபட்சம் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா? சர்க்கார் முன்வரட்டும், முன்வரத் தாமதமானால் ஊர்ப் பஞ்சாயத்துகளும் பள்ளி உபாத்தியாயர்களும் தாங்களே ஆரம்பிக்கட்டும். பட்ட கடனைக் காலம் கடந்தாவது தீர்ப்பது நம் குடியானவனுடைய வழக்கம். தேசத்துக்கும் அதுவே அழகு.